இருபத்து மூன்று பேர் சங்கம்

எங்கள் சங்கம் ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவள் ரொட்டிக்கடைக்காரி. பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் தையல்கடைக்காரியான நான்.

குழாய் பதிப்பதற்காக எங்கள் கடைத்தெருவை முழுதாகத் தோண்டப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. இரண்டு மாதம் ஆள் நடமாட்டமே இருக்காது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் தோண்டினால் எல்லாரும் பிழைத்துக்கொள்வோம் என்று சொல்ல, ஆணிக்கடை அக்கா வியாபாரிகள் கூட்டத்துக்குப் போனார். தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க எதுக்கும்மா அலையறீங்க? வீட்டுக்காரரை அனுப்பி வைங்க."

அக்காவின் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். மறுநாள் போனவர், "ஆணிக்கும் திருகாணிக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான். கடை அவளோடது, பேச்சும் அவளோடதுதான்" என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். கூட்டம் சிரித்துக் கலைந்தது.

அக்கா, ரொட்டிக்கடைக்காரி, நான் மூவரும் நேராகக் குழாய் வேலையைப் பார்க்கும் என்ஜினியரின் அலுவலகத்துக்கே போனோம். பழைய கோட்டுத் துணியில் சாக்பீஸால் தெருவை வரைந்து எடுத்துப் போயிருந்தேன். அவர் மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"யோசனை சரிதான். தனித்தனியா வந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. நீங்க எந்தச் சங்கம்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் துணியைப் பார்த்தேன்.

"பெண் தொழில்முனைவோர் சங்கம்" என்றாள் ரொட்டிக்கடைக்காரி, சுடச்சுட.

"எத்தனை பேர்?"

"இருபத்தி மூணு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லார் கையெழுத்தும் வாங்கிட்டு வாங்க."

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "ஏண்டி, அதென்ன இருபத்தி மூணு?"

"இருபதுன்னா பொய் மாதிரி இருக்கும்க்கா."

மூன்று நாளில் இருபது பேரைப் பிடிக்க வேண்டும். மாவு மில்லை நடத்துவது மில்காரர் என்று நினைத்திருந்தோம். அவர் வெறும் பெயர்ப்பலகை, எல்லாம் அவர் மனைவிதான். பாத்திரக்கடையில் மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஆளுக்கொரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மாடி மாடியாக ஏறியதில்தான் எங்கள் தெருவே எங்களுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இருபத்திரண்டு. மிச்சம் இருந்தவள் தெருவோரப் படிக்கட்டில் உட்கார்ந்து சாவி செய்பவள். அவள் பேச்சுக்காகத் தெருவே அவளை வெடுக்கு என்றுதான் கூப்பிடும்.

"சங்கம் கிங்கமெல்லாம் நமக்கு ஒத்து வராது. கூட்டம்பீங்க, பேசியே கழுத்தறுப்பீங்க, என் வேலை கெடும்."

அக்கா கெஞ்சவில்லை. "மொத்தமா தோண்டினா உன் படிக்கட்டுதான் முதல்ல போகும்" என்று மட்டும் சொன்னார்.

வெடுக்கு அரத்தைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் குழாய் வேலை முடியற வரைக்கும்தான். அப்புறம் என் பேரை அடிச்சிடணும்."

தெரு ஒவ்வொரு பக்கமாகவே தோண்டப்பட்டது. மூன்று மாதம் புழுதி தின்றோம். ஆனால் ஒரு கடையும் பூட்டவில்லை. கடைசிக் குழியை மூடிய அன்று வெடுக்கு என் கடைக்கு வந்தாள். பெயரை அடிக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று பட்டியலை எடுத்தேன்.

"அடுத்த கூட்டம் என்னைக்கு?" என்றாள்.

"எதுக்கு?"

"தெருவிளக்கு பாதி எரியலையே. அதை யாரு போய்க் கேக்கறது?"

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அவள்தான் எங்கள் தலைவி. எங்களை ஆட்டிப்படைத்தாள். விளக்கும் வந்தது, பேருந்து நிறுத்தமும் வந்தது, உறுப்பினர்கள் நூற்று நாற்பது பேர் ஆனார்கள். கண் பார்வை மங்கி அவள் பதவி விலகிய நாளில் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கையைப் பிடித்து, "நல்லா இருந்துச்சுடி" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு மென்மையாக ஒரு வார்த்தை நான் கேட்டது அன்றைக்குத்தான்.