மூன்று முறை ஒரே பதில்

“இன்னொரு தடவ கேளு புள்ள,” என்றாள் நாகலெட்சுமி.

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, விண்ணப்பங்கள் அடித்துக் கொடுக்கும் கடையில் ஜெயந்தினி கணினியின் முன் அமர்ந்திருந்தாள். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். மண்சரிவில் போன நாகலெட்சுமியின் புருஷன் மாயாண்டியின் உடல் இன்னும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கருமாதி என்று அவன் தம்பி சின்னராசா முடிவு செய்துவிட்டான். அன்று நாகலெட்சுமி தாலியைக் கழற்ற வேண்டும். அதற்கு முன் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டுமென்று அவள் அழுதாள். அதைப் பொறுக்க முடியாமல்தான், அவன் முன்பு அனுப்பியிருந்த கைபேசிச் செய்திகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றி, அவனைப் போலவே பேசும்படி ஜெயந்தினி பணித்திருந்தாள்.

‘வருவீங்களா?’ என்ற கேள்விக்கு மூன்றாம் முறையும் திரையில் அதே வரி வந்தது: “வந்துருவேன் லெச்சுமி. கதவ தாழ் போடாத.”

நாகலெட்சுமி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தோட்டத்து மாரியம்மன் முன் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்கையில், மூன்று முறையும் ஒரே பூ வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

“கருமாதி வேணாமுன்னு கொழுந்தங்கிட்ட சொல்லிர்றேன்.”

ஜெயந்தினிக்கு அப்போதுதான் தன் பிழை உறைத்தது. விண்ணப்பங்களில் வார்த்தை மாறக் கூடாதென்று, செயலியில் ‘வெப்பம்’ என்னும் அளவை அவள் பூச்சியத்தில் வைத்திருந்தாள். அந்த அளவில் அது, அடுத்து வருவதற்கு அதிக வாய்ப்புள்ள சொல்லையே எப்போதும் எடுக்கும். ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத்தான் தரும். முயலொன்று மலையைக் கூவி வழி கேட்டதாம். மும்முறையும் ஒரே குரல் திரும்பி வந்ததால் மலை மெய்தான் சொல்கிறதென்று நம்பியதாம். அது உன் குரல்தான் என்று முயலிடம் யார் சொல்வது?

“அக்கா, அது அண்ணன் இல்லீங்க. நான் வச்ச அளவு. இங்க பாருங்க.”

அளவை உயர்த்தி, அதே கேள்வியைக் கேட்டாள்.

“மழ விடட்டும், வர்றேன்.”

மறுபடியும் கேட்டாள். “எனக்காகக் காத்திருக்காத.”

மறுபடியும். “இங்க மண்ணு ரொம்ப குளுருது லெச்சுமி.”

ஜெயந்தினியின் விரல் தானாகப் பின்வாங்கியது. மண்சரிவைப் பற்றி அவள் அதனிடம் சொல்லவே இல்லை.

“இதுல எது அவரு?”

“எதுவுமே இல்லக்கா.”

“ஒனக்குத் தெரியாது. அவரும் இப்புடித்தான். சும்மா இருக்கையில ஒரே பேச்சு. தண்ணி போட்டா நூறு பேச்சு.” நாகலெட்சுமி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வியாழன் மாலை அவள் கதவைத் தாழிடவில்லை. அம்மிக்குழவியை உருட்டி வந்து கதவின் உட்புறம் முட்டுக் கொடுத்தாள்.

“காத்து தள்ளுனா தொறக்காது. ஆளு தள்ளுனா தொறக்கும்,” என்றாள், துணைக்கு வந்திருந்த ஜெயந்தினியிடம்.

காலையில் வெளியிலிருந்து சின்னராசாவின் குரல் கேட்டது. “மதினி, எல்லாரும் கீழ வந்துட்டாங்க.”

குழவி ஒரு சாண் நகர்ந்து, கதவு அந்த அளவுக்குத் திறந்திருந்தது. வாசல் சேற்றில் சின்னராசாவின் காலடிகள் மட்டுமே இருந்தன. அவனோ கதவைத் தொடாமல் தள்ளியே நின்றான். நாகலெட்சுமி கதவை மூடவுமில்லை, முழுக்கத் திறக்கவுமில்லை. தாலிக்கயிற்றைப் பற்றியபடி, அந்த ஒரு சாண் வெளிச்சத்தில் பனி உள்ளே நுழைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.