புலெல்வாவின் கல்யாண ஞாபகம்

1

இந்தக் கதை பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி என் காதில் விழுந்தது.

"அந்த வுயானிப் பய உனக்கு ஞாபகம் இருப்பான், என்னை மறந்துடுவியா?" என்று மொன்வாபிசி கத்தினான்.

வுயானி, புலெல்வாவின் முதல் புருஷன். ஓடிப்போய்ப் பத்து வருஷமாச்சு. மொன்வாபிசியை அவள் கட்டிக்கொண்டது போன மாதம்தான்.

இதை எழுத உட்கார்ந்து முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மூளையின் ஆழத்தில் கடல்குதிரை வடிவில் ஒரு…' (வேண்டாம். பாடப்புத்தகம்.)

2

புலெல்வாவுக்கு வலிப்பு. ஞாபகத்தைப் பதியும் அந்தக் கடல்குதிரை மூளையில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று; வலிப்பு கிளம்பும் இடம் இடப்பக்கத்தது. அதை எடுத்துவிட்டால் வலிப்பு நிற்கும் என்றார் டாக்டர் ஃபைரூஸ்.

"நடந்தது முதல்ல அங்கதாம்மா பதியும். நீங்க தூங்கறப்போ அது எல்லாத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டும். அதைக் கேட்டுக் கேட்டு மூளையோட மேல்பகுதி பிடிச்சு வச்சுக்கும். பழசெல்லாம் அங்க போய்ச் சேர்ந்தாச்சு."

"அப்போ வுயானி?"

"பத்திரமா இருப்பார்."

"என் கல்யாணம்?"

"வலப்பக்கம் நல்லா இருக்கு. அநேகமா நிக்கும். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "ஆபரேஷனைத் தள்ளிப் போடுங்க, கொஞ்ச நாள் நல்லாத் தூங்கிட்டு வரேன்" என்று டாக்டருக்குப் போன் செய்தாள்.

3

தினமும் மத்தியானம் மொன்வாபிசி டாக்சியை நிறுத்திவிட்டு வருவான். கல்யாணக் கதையைச் சொல்வான்: மாடு அறுத்தது, பாட்டு, மழை. கேட்டபடியே அவள் தூங்கிப்போவாள்.

(டாக்சிக்காரன் தினமும் மத்தியானம் வருவானா? எனக்கே சந்தேகம். கேட்டேன். "சவாரிக்காரங்க திட்டினாங்கய்யா. அதுக்கென்ன!" என்றான்.)

4

அறுவை முடிந்தது. அவள் கண் திறந்ததும் மொன்வாபிசி கட்டில் பக்கம் குனிந்தான்.

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவு: 'யார் நீங்கள்?' என்று அவள்… (இல்லை. அந்த மனுஷனுக்கு இதைச் செய்ய மாட்டேன்.)

அவள் சொன்னது இதுதான்: "மொன்வா, டான்ஸ் ஆடறப்போ என் காலை மிதிச்சியே!"

அவன் வாய்விட்டு அழுதான். இதை ஒருநாளும் அவன் சொன்னதில்லை. கேட்ட கதை இல்லை, அவளுடைய சொந்த ஞாபகம்!

"ஆனா நான் மிதிக்கவே இல்லையே" என்றான் கொஞ்சம் கழித்து.

"மிதிச்ச."

"சத்தியமா இல்லடி!"

வலிப்பு திரும்பவில்லை. சண்டை இன்னும் நடக்கிறது. இப்போதும் சுவர் வழியாகக் கேட்கிறது, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். மிதித்தானா, தூக்கத்தில் அவள் மூளை தானாக ஒரு மிதியைச் சேர்த்துக்கொண்டதா? கல்யாணத்துக்கு நான் போகவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள். அவன் எதற்கும் இருக்கட்டும் என்று அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறான்.