வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலி

காலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை அந்த வீட்டில் ஊரடங்கு. குழாயைத் திறக்கக் கூடாது, மிக்சி போடக் கூடாது, ஃபோன் அடித்தால் அடித்தவர் பாடு. இந்தச் சட்டத்தைப் போட்டது அவள் இல்லை, அவள் கணவன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். கிளட்ச்சை மெதுவாக விடு என்ற ஒரே விஷயத்தை நாற்பது விதமாகச் சொல்லத் தெரிந்தவன். வாய் ஓய்ந்த நேரம் என்று அவனுக்கு ஒன்று உண்டென்றால் அது அந்த அரை மணிதான். வாசல் மணியின் மேல் பஞ்சை வைத்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் பூனை மாதிரி நடப்பான்.

அவள் அப்போது பின்கட்டில், வாஷிங் மெஷினுக்கும் சோப்புத்தூள் அலமாரிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிற இடம் அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை அவளுக்கு. நாள் முழுக்க முழங்கால்களும் தோள்பட்டைகளும். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நோயாளியின் மூலமாக, மதிலுக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கும் கன்னியர்களின் கார்மேல் மடத்துக்குப் போனாள். துறவு பூணாமல் வீட்டில் இருந்துகொண்டே அந்தச் சபையின் வழியில் நடக்கிறவர்களுக்கும் அங்கே ஒரு கிளை இருந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். மற்றபடி காலையும் மாலையும் பைபிள் சங்கீதங்கள், தினம் அரை மணி நேரம் மௌன செபம். அதில் கேட்பதற்கும் சொல்வதற்கும் பெரிதாக ஒன்றும் கிடையாது. கடவுள் முன்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆறு வருடப் பயிற்சி முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, சாகும்வரை இந்த வழியில்தான் நடப்பேன் என்கிற வாழ்நாள் வாக்குறுதி.

அவள் வாழ்க்கையில் பிடிவாதமாகக் கேட்டது இரண்டே விஷயங்கள்தான். ஒன்று, இந்த வாயாடியைத்தான் கட்டிக்கொள்வேன் என்றது. இன்னொன்று இது.

முதல் வருடங்களில் அந்த நாற்காலி அவளுக்கு இனித்துக் கிடந்தது. ஆறு மணிக்கு எழுந்திருக்கவே மனசு வராது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, யாரோ ஃபியூஸைப் பிடுங்கிவிட்ட மாதிரி எல்லாம் நின்றுபோனது. இனிப்பும் இல்லை, கண்ணீரும் இல்லை. சுவர் இருந்தது, சோப்புத்தூள் வாசனை இருந்தது. இப்படியே பதினான்கு மாதம்.

அதற்காக அவள் அரண்டுபோய்விடவில்லை. ஆபரேஷன் செய்த முழங்கால் மூன்று வாரம் ஒரே கோணத்தில் நிற்கும். "ஒண்ணும் ஆகலையே சிஸ்டர்" என்று நோயாளி அழுவார். உள்ளே சதை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கிளையின் தலைவியும் அப்படித்தான். ஹார்டுவேர் கடை நடத்துகிறவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கடைக்காரம்மா. மாதாந்திரக் கூட்டத்தில் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"உக்காந்தியா?"

"உக்காந்தேன்."

"சரி." அடுத்த ஆளிடம் போய்விடுவார். என்ன தோன்றியது, எப்படி இருந்தது என்று கேட்கிற வழக்கமே அவரிடம் கிடையாது.

கேட்கிறவன் வீட்டில் இருந்தான். ஆறு மணிக்கு அவள் கதவைத் திறந்ததும், பிறந்தநாள் பொட்டலத்தைப் பிரிக்கப் போகிறவன் மாதிரி நிற்பான்.

"என்ன டாக்டரம்மா, மேல இருக்கற ஐயா ஏதாவது சொன்னாரா?"

"நல்லா இருந்துச்சுங்க."

தினம் ஒரு சின்னப் பொய். அது அவன் வாய்க்குள் போய் என்ன பருமனாகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

வாக்குறுதிக்கு முன்னால் கடைக்காரம்மா வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. அவரும் சபையின் ஃபாதரும் அந்த வீட்டுக்கே போய்க் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுவார்கள். செபம் செய்கிறவள் வீட்டுக்குப் பாரமா, பலமா என்பதை வீட்டாரிடம் கேட்டால்தானே தெரியும்? ஞாயிறு நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து, இடுப்பு எலும்பு மாற்றிய ஒருவரை எழுப்பி நடக்க வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவள் வீடு திரும்பும்போது மணி நாலரை. படியேறும்போதே கணவனின் குரல் டாப் கியரில் கேட்டது.

"சத்தியமா சொல்றேன் ஃபாதர், மூஞ்சில வெளிச்சம்! நீல வெளிச்சம்! கதவு இடுக்குல என் ரெண்டு கண்ணால பாத்தேன். அந்த ரூம்ல ஜன்னல் கிடையாது, லைட்டும் போடமாட்டா. அப்ப எங்கேருந்து வருது? குரல் வேற கேக்குது இவளுக்கு. போன மாசம் என் ஸ்டூடண்ட் ஒருத்தன் டெஸ்ட்ல ஃபெயில் ஆவான்னு முன்னாடியே சொன்னா. அதே மாதிரி ஆனான்!"

"ரிவர்ஸ்ல போய் உன் வீட்டு கேட்டையே இடிச்சவன்டா அவன்." இது அவனுடைய அக்கா. நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறவள், கூப்பிடாமலே வந்திருந்தாள். "அவன் ஃபெயில் ஆவான்னு நான்கூடத்தான் சொன்னேன். எனக்கும் குரல் கேக்குதா?"

ஃபாதர் கையில் தேநீர்க் கோப்பை வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. இளவயதுக்காரர், மடத்துக் கோயிலுக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். கடைக்காரம்மா தன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த மூடிய நோட்டைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வேறு எந்த வீட்டிலும் இது பெருமை. கார்மேல்காரர்களிடம் போய்க் காட்சி, குரல் என்று அளப்பது, சுங்கச் சோதனையில் நிற்கும்போது என் பெட்டியில் தங்கம் இல்லை என்று வலியப் போய்ச் சொல்வதற்குச் சமம். நிஜமாகவே காட்சி கண்ட பெரியவர்கள் வாழ்ந்த சபை அது. அதனாலேயே அவர்களுக்கு அதில் சந்தேகம் அதிகம். வந்தால் பிடித்து வைத்துக்கொள்ளாதே, வராவிட்டால் தேடிப் போகாதே என்பதுதான் முதல் வருடப் பாடமே. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித் தருகிறவன் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, அப்படி ஒன்று கணவனுக்கு இருந்திருந்தால் அவள் வாசலிலிருந்தே ஓடிப்போய் மிதித்திருப்பாள்.

"எத்தனை நாளா தம்பி இந்த வெளிச்சம்?" என்றார் கடைக்காரம்மா.

"ஆச்சும்மா, வருஷக்கணக்கா!"

"அப்ப ஒரு ரெண்டு வருஷம் பொறுத்துப் பாத்துட்டுச் செய்யலாம் ஃபாதர். அவசரமில்ல."

கணவன் முகம் விழுந்தது. அவன் அதுவரை தன் மனைவிக்காக வாதாடி ஜெயித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தான்.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு நடுவே வந்து நின்றாள். வெளிச்சம் எல்லாம் இவர் கற்பனை என்று சிரித்து மழுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கற்பனைக்குத் தினமும் தீனி போட்டது யார்?

"அம்மா, அது வாஷிங் மெஷின் லைட்டு" என்றாள். "ராத்திரி துணி போட்டுடுவேன். துவைச்சு முடிச்சா, மூடியைத் திறன்னு நீலமா எரிஞ்சுட்டே இருக்கும். நான் அதுக்கு எதிர்ல உக்கார்றேன்."

அக்கா பக்கென்று சிரித்தாள். ஃபாதர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார், சிந்திவிடும் என்ற பயத்தில்.

"குரலும் கிடையாது ஃபாதர். பதினாலு மாசமா எதுவுமே கிடையாது. உக்கார்றேன். மனசு ஆஸ்பத்திரிக்குப் போகுது, இழுத்துட்டு வரேன். ஹாஸ்டல்ல இருக்கற எங்க பொண்ணுகிட்டப் போகுது, இழுத்துட்டு வரேன். ஆறு மணி ஆனதும் எழுந்துக்கறேன். ஒரு நாளும் உக்காராம விட்டதில்ல. ஆனா இவர் கேக்கறப்பல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். அது பொய். இவர் உங்ககிட்டச் சொன்னதுக்கெல்லாம் விதை நான் போட்டதுதான்."

சொல்லி முடித்தபோது அவளுக்குப் பயமாக இல்லை. முதுகுத்தண்டை நிமிர்த்தி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் கணவன் எழுந்து ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய்விட்டான். அவன் பேசாமல் போனான் என்பதுதான் அவளைக் குத்தியது.

"போய்ப் பேசிட்டு வா. நாங்க எங்கயும் ஓடிடல" என்றார் கடைக்காரம்மா.

அவன் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்ட எதுக்குடி பொய்?"

"நீங்க கேக்கறப்போ மூஞ்சி அப்படி மலர்ந்து இருக்கும். ஒண்ணுமில்லன்னு சொன்னா வாடிப்போயிடுமேன்னு..."

"நான் என்ன தொட்டிச் செடியா?" தட்டை நங்கென்று வைத்தான். "ஒண்ணுமே இல்லாததுக்கா நான் தினம் பூனை மாதிரி நடந்தேன்? பெல்லுக்குப் பஞ்சு வெச்சேன்?"

"ஆமாங்க."

"அப்புறம் என்னத்துக்கு அங்க போய் உக்கார்றே?"

அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்ல எனக்காக நிப்பீங்க. மழை பேஞ்சாலும் நிப்பீங்க. நான் இறங்கினதும் பேச ஆரம்பிச்சா வீடு வரைக்கும் பேச்சுதான். இப்ப நான் டூட்டி முடிஞ்சு லேட்டா வந்தா என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்? சோபால கிடக்கறேன்."

"வாயைத் திறந்துட்டுத் தூங்கறீங்க. நான் வந்தாக்கூடத் தெரியறதில்ல. ஆனா கட்டில்ல போய்ப் படுக்க மாட்டீங்க. நான் வர்ற வரைக்கும் சோபாதான். என்னைக்காவது உங்களுக்கு அதுல ஏதாவது கிடைச்சிருக்கா?"

"முதுகு வலி கிடைச்சிருக்கு."

"அதேதான். இப்ப நான் சோபால இருக்கேன்."

அவன் குழாயை மூடினான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "இதைப் பதினாலு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா எனக்குப் புரியாதா? நான் அவ்வளவு மட்டியா?"

"தப்புதாங்க. இனிமே சொல்ல மாட்டேன்."

"எதை? உண்மையையா?"

"பொய்யை!" என்று அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

இருவரும் கூடத்துக்குத் திரும்பினார்கள். அவன் ஃபாதர் முன்னால் போய் நின்றான்.

"ஃபாதர், நான் சொன்னதுல பாதி வெறும் ஹாரன். அதைத் தள்ளிடுங்க. இவளை மட்டும் தள்ளிடாதீங்க."

கடைக்காரம்மா நோட்டைத் திறக்கவில்லை. "வெளிச்சத்தை விடுங்க தம்பி. இவ உக்கார ஆரம்பிச்சதுல உங்களுக்கு என்ன கிடைச்சுது? பாத்ததை மட்டும் சொல்லுங்க."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். எதைச் சொன்னாலும் மறுபடி ஹாரன் ஆகிவிடுமோ என்று யோசித்தான் போலிருக்கிறது. அந்த நேரத்தில் பேசியது அவன் அக்கா.

"நான் சொல்றேன். எனக்கு இவளைக் கண்டா ஆகாது. அது இவளுக்கும் தெரியும்." அக்கா வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "போன வருஷம் இந்தக் கை இடுப்புக்கு மேல வரல. தலை பின்னக்கூட முடியாது. அஞ்சு மாசம் தினம் சாயந்தரம் வேலைவிட்டு வந்து, என் வீட்டுல உக்காந்து இழுத்து விட்டா. வலியில நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். இவ அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்திருக்கேன். முன்னாடி இவகிட்ட ஒண்ணு சொன்னா பத்து திருப்பி வரும், அப்புறம் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பா. அந்த அஞ்சு மாசமும் 'இன்னும் கொஞ்சம் தூக்குங்க அண்ணி' தவிர வேற பேச்சே இல்ல. எனக்கே ஒரு கட்டத்துல திட்டறதுக்கு அலுத்துப்போச்சு."

"அது எந்த மாசம்மா?" என்று கேட்டார் ஃபாதர்.

அக்கா விரல்விட்டு எண்ணினாள். எல்லாமே அந்தப் பதினான்கு மாதங்களுக்குள்தான் வந்தது. ஃபாதர் கடைக்காரம்மாவைப் பார்த்தார். அவர் நோட்டைத் திறந்து, பேனாவை உதறி, ஒரு தேதி எழுதினார்.

"வாக்குறுதி அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை, மடத்துக் கோயில்ல" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "காய்ஞ்சு கிடக்கறது உன் கையில இல்ல. உக்கார்றது உன் கையில இருக்கு, உக்காந்திருக்கே. ஆனா வீட்டுக்காரர்கிட்டச் சொன்ன பொய்யை ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டு வா."

"சரிங்கம்மா."

"தம்பி, நீங்களும் அளந்ததைச் சொல்லணும்."

"எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகும்மா, ஃபாதருக்கு டைம் இருக்கா?" என்றான் அவன்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் கதவைத் திறந்தபோது அவன் கார் சாவியும் கையுமாக நின்றிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது.

"இன்னைக்கும் ஒண்ணுமில்லங்க" என்று அவளே சொன்னாள். "அந்த இடுப்பு ஆபரேஷன்காரர்தான் மனசுல நடந்துட்டே இருந்தார். வாக்கர் வேற டக்கு டக்குன்னு."

"முழுசா அரை மணி நேரமும் நடந்தாரா?"

"முழுசும்."

"பாவம், கால் வலிச்சிருக்கும்" என்றபடி அவன் அவளுடைய பையை எடுத்துக்கொண்டான். "வா, போற வழிதான். ஆஸ்பத்திரில விட்டுட்டுப் போறேன்."