கோவளத்து ரசிகர்கள்

கேளம்பாக்கத்தில் ஸ்பீக்கர் செய்கிற ஒரு கம்பெனியில் சத்தமே இல்லாத அறை ஒன்று உண்டு. சுவர், கூரை, தரை எங்கும் முழ நீளத்துக்கு ஸ்பாஞ்சுக் கூம்புகள். நடுவில் கம்பி வலை கட்டியிருக்கும், அதன்மேல்தான் நடக்க வேண்டும். உள்ளே போய்ப் பேசினால் வார்த்தை உதட்டை விட்டு இறங்கியதும் செத்துப்போகும். ஊமை ரூம் என்று அதற்குப் பெயர். அங்கே நின்றால் காலையில் தின்ற பொங்கல் குடலில் எந்த வளைவில் திரும்புகிறது என்பதுகூடக் கேட்கும். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் ஏசி நன்றாக இருக்கிறதே என்று மதியம் அங்கே படுத்தார். நகம் வளர்கிற சத்தத்தில் தூக்கம் கலைந்து, எழுந்து வந்து பத்து விரலையும் ஒட்ட வெட்டிக்கொண்டார். இன்னொரு நாள் கம்ப்ளெயிண்ட் போன் எடுக்கிற கிரீஷ் உள்ளே நின்று ஏதோ நினைத்தான். பக்கத்தில் மைக்கைத் திருகிக்கொண்டிருந்த மாளவிகா, "என் டப்பா எலுமிச்சை சாதத்துல உப்பு கம்மிதான். அதுக்கென்ன இப்போ?" என்றாள்.

மாளவிகாவுக்கு அந்த அறையில்தான் வேலை. காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு, சேலையூர் வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, ஸ்பீக்கர், ஹெட்போன் என்று கம்பெனி செய்கிற எல்லாவற்றையும் அளந்து பார்த்துக் குறை சொல்வாள். நல்ல காது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால், "அம்மா, மூணாவது விசில் கால் சுரம் இறங்குது, கேஸ்கட்டை மாத்து" என்று மாடியிலிருந்தே சொல்கிற காது.

அடுத்தவர் பெட்டிக்குக் குறை சொல்லியே பழகியவள் முதன்முறையாகச் சொந்தமாக ஒரு பெட்டி செய்திருந்தாள். கையில் தூக்கிப் போகலாம். மழை, உப்புக் காற்று இரண்டையும் தாங்கும். காற்று எத்தனை அடித்தாலும் பேசுகிறவனின் வார்த்தை சிதறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே செய்தது. மாதிரிப் பெட்டிகளைச் சில பேருக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் முதலாளி ஜோனத்தான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். வெளியிலேர்ந்து ஒரு கம்ப்ளெயிண்டும் நிக்கக்கூடாது. நின்னா, ரெடிமேடா ஒரு பெட்டி வாங்கி நம்ம ஸ்டிக்கரை ஒட்டிடலாம், மாளவிகா. தப்பா நினைச்சுக்காத" என்று சொல்லிவிட்டார்.

சேலையூர் டியூஷன் மாஸ்டரிடமிருந்து முதலில் தகவல் வந்தது. பெட்டி பிரமாதம், கணக்கு வகுப்புக்கு வாசல்வரை கூட்டம் என்று எழுதியிருந்தார். மாளவிகா அதை அம்மாவிடம் படித்துக் காட்டினாள்.

கோவளத்தில் மீன் ஏலம் விடுகிற லோகுவிடம் ஒரு பெட்டி இருந்தது. அவர் போன் செய்தபோது எடுத்தவன் கிரீஷ். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

"சார், உங்க பொட்டில பிராப்ளம் சார்."

"என்ன பிராப்ளம்?"

"நாய், சார்."

காற்று வேறு போனுக்குள் புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. கிரீஷ், "நாய்ஸ்" என்று கம்ப்யூட்டரில் தட்டினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஸ்பீக்கர் கம்பெனியில் உட்கார்ந்திருப்பவன் காதில் அது வேறெப்படி விழும்?

"எப்போ வருது?"

"ஆன் பண்ணதும் வந்துடுது, சார்."

"விட்டு விட்டா, இல்ல தொடர்ந்தாப்லயா?"

"முதல்ல ஒண்ணு ரெண்டுதான். அப்பால மொத்தமா வந்துடும்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"நாலு பக்கத்துலேர்ந்தும் வருது, சார்."

"ஆஃப் பண்ணா போயிடுதா?"

"உடனே போவாது. கொஞ்ச நேரம் நம்ம மூஞ்சியப் பாத்துக்கினு இருந்துட்டு, அப்பாலதான் போவும்."

உடனே போகாது, கொஞ்ச நேரம் நீடிக்கும் என்று கிரீஷ் தட்டினான். மூஞ்சியை விட்டுவிட்டான், அதற்கான கட்டம் கம்ப்யூட்டரில் இல்லை.

கோவளத்துப் பெட்டி திரும்பி வந்தது. மாளவிகா அதை ஊமை ரூமில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். மனுஷக் காது கேட்கிற அடிமட்டத்திலிருந்து உச்சமான இருபதாயிரம் ஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு அளந்தாள். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு கொரகொரப்பு இல்லை, ஒரு ஙொய் இல்லை. ஹெட்போன் மாட்டிக் கேட்டாள். ஒன்றுமே இல்லை.

ஜோனத்தான் வந்து பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். தன் காதைப்பற்றி அவருக்கு மரியாதை அதிகம்.

"இருக்கே. மெல்லிசா ஒரு ரீங்காரம். கேக்கலையா உனக்கு?"

"சார், ஒயரைப் பிடுங்கி வெச்சாச்சு" என்றாள் மாளவிகா.

"அதான் மெல்லிசா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டி கோவளத்துக்குத் திரும்பிப் போனது. வியாழக்கிழமை லோகு மறுபடி போன் செய்தார். மறுபடி கிரீஷ்தான் எடுத்தான்.

"சார், முன்னைக்கு இப்ப ஜாஸ்தியா கீது. பேஜாரு, சார்."

"நாய்ஸா?"

"நாய்தான், சார்."

மாளவிகாவுக்கு அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. அளவுக் கருவி பொய் சொல்லாது. லோகுவும் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. இரண்டும் மெய் என்றால் பொய் எங்கே இருக்கிறது? விடிந்ததும் நேரே கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். லேப்டாப், மைக், சால்டரிங் அயர்ன், ஒப்பிட்டுப் பார்க்க லேபிலிருந்த இன்னொரு பெட்டி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு கேளம்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்க் கோவளத்தில் இறங்கினாள்.

படகுகள் கரையேறியிருந்தன. லோகு லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"அண்ணா, நான்தான் அந்தப் பெட்டியைச் செஞ்சவ. என்ன பிராப்ளம்னு நீங்களே சொல்லுங்க."

"அதான் சாராண்ட அத்தினி தபா சொன்னேனே. நாய், மேடம்."

மாளவிகா பையைக் கீழே வைத்தாள்.

"நாயா? வாலை ஆட்டுமே, அந்த நாயா?"

"வேற எந்த நாயி கீது, மேடம்?"

சாரிடம் சொன்னதால் நாய்ஸ் ஆனது, மேடத்திடம் சொன்னதும் நாயாகிவிட்டது. முதல் நாளே அவள் போனை எடுத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

"போட்டுக் காட்டறேன், பாரு" என்று லோகு பெட்டியின் பொத்தானை அமுக்கினார். பாட்டில்லை, பேச்சில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்தது.

படகு நிழலில் படுத்திருந்த செவலை நாய் ஒன்று முதலில் எழுந்து வந்து உட்கார்ந்தது. ஐஸ் கடைப் பக்கமிருந்து இரண்டு வந்தன. பிறகு மொத்தமாக வந்தன. ஈ.சி.ஆர் பங்களா நாய் ஒன்று சங்கிலியோடும், சங்கிலியின் மறுமுனையில் ஷூ போட்ட பெரியவர் ஒருவரோடும் வந்து சேர்ந்தது. முட்டுக்காட்டு நாய்கள் கழிமுகத்தை நீந்திக் கடந்து, கரையேறி, மரியாதைக்கு உடம்பை உதறிவிட்டு வந்தன. திருப்போரூர் பஸ்ஸிலிருந்து ஒரு நாய் முன்படி வழியாக இறங்கியதாகக் கோவளத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பின்படி என்று சொல்கிறவர்களும் உண்டு. எல்லாம் லோகுவைச் சுற்றி வட்டம் கட்டி உட்கார்ந்து, தலையை ஒரே பக்கம் சாய்த்து, ஒரே அளவு சாய்த்து, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் குரைக்கவில்லை. ஒரு சபாவில் இத்தனை ஒழுங்காகக் கூட்டம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"இப்ப சொல்லு, மேடம். இந்தக் கும்பலைத் தாண்டி எந்த ஏவாரி கிட்ட வருவான்? எட்ட நின்னுகினே கேக்குறான். ஏலம் சூடே புடிக்க மாட்டேங்குது."

மாளவிகாவுக்குச் சட்டென்று விளங்கியது. அவள் இருபதாயிரத்தோடு நிறுத்திவிட்டாள். மனுஷனுக்கு அதற்குமேல் கேட்காது என்பதால் அதற்குமேல் அளக்கவே இல்லை. நாய்க்கு அதற்குமேலும் கேட்கும். மைக்கை நட்டு, லேப்டாப்பைத் திறந்து, அளவின் எல்லையை மேலே தூக்கினாள். இருபத்தெட்டாயிரத்தில் கோடு ஒன்று பனைமரம் மாதிரி நெட்டுக்குத்தலாக நின்றது. பெட்டிக்கு உள்ளேயிருந்து ஒரு விசில். பொத்தானை அமுக்கியதிலிருந்து மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்த விசில். ஊமை ரூமின் சுவரைத் தாண்டி வர முடியாததால்தான் கேளம்பாக்கத்து நாய்களுக்கு இத்தனை நாள் தகவல் போகவில்லை.

வெட்கப்பட வேண்டிய இடம்தான். அவளுக்கோ சிரிப்பு வந்தது. கண்ணில் நீர் வர, மணலில் உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்திலிருந்த நாய் மட்டும் தொந்தரவு செய்யாதே என்பதுபோல் அவளைத் திரும்பிப் பார்த்தது.

டீக்கடையில் கேட்டு சால்டரிங் அயர்னைப் பிளக்கில் சொருகி, பெட்டியைப் பிரித்து, உள்ளே சின்னதாக ஒரு செப்புச் சுருளை வைத்துப் பற்றவைத்தாள். மறுபடி ஆன் செய்தபோது பனைமரத்தைக் காணோம். நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கச்சேரி முடிந்தது என்று தெரிந்ததும் எழுந்து சோம்பல் முறித்தன. சோம்பல் முறித்த நாய்க்கு அடுத்து என்ன தோன்றும்? பசிதான்.

"ஏ, லோகு" என்று ஒரு குரல் வந்தது. மீன்காரி ரத்தினபாய். அவளுடைய சங்கரா மீனில் ஒன்று செவலையின் வாயில் போய்க்கொண்டிருந்தது. "இன்னாய்யா நடக்குது இங்க?"

"மேடம் பொட்டியை ரிப்பேர் பண்ணிட்டாங்க, ரத்தினக்கா."

"யாரைக் கேட்டுப் பண்ணுச்சு? இந்தப் பொட்டி வந்ததுலேர்ந்து ஒரு நாயி என் மீன்ல வாய வெச்சிருக்குமா? எல்லாம் செவனேன்னு குந்திக்கினு இருந்துச்சுங்க. எளுப்பி வுட்டுட்டியேம்மா. நல்லா கீற பொட்டியக் கெடுக்கறதுக்கா ஆட்டோ ஏறி வந்தே?"

"அக்கா, அதனால அண்ணனுக்கு ஏலம் நடக்கலையே."

"இப்ப எனக்கு ஏவாரம் நடக்கலையே."

இது இரண்டாவது கம்ப்ளெயிண்ட். நாய் வருகிறது என்று ஒன்று. நாய் வந்து உட்காரவில்லை என்று இன்னொன்று. ஜோனத்தான் காதில் இது விழுந்தால் ஸ்டிக்கர் பெட்டிதான். மாளவிகா சுற்றிப் பார்த்தாள். தன் பையைப் பார்த்தாள். லேபிலிருந்து கொண்டுவந்த இன்னொரு பெட்டி உள்ளே இருந்தது. அதன் வயிற்றில் அந்த விசில் இன்னும் பத்திரமாக இருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு கரையோடு நடந்து, படகெல்லாம் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய கட்டுமரத்தின்மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். சங்கராவைப் பாதி விழுங்கியிருந்த செவலை, மீதியைக் கீழே போட்டுவிட்டு ஓடியது. முன்வரிசையில் இடம் பிடிக்க வேண்டுமே. மற்றதெல்லாம் பின்னால் ஓடின. பங்களாப் பெரியவரும் சங்கிலியோடு போனார்.

ரத்தினபாய் கீழே கிடந்த பாதி மீனைப் பார்த்தாள். கட்டுமரத்துப் பக்கம் பார்த்தாள். இடுப்பில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

"அந்தப் பொட்டி அங்கியே இருக்கட்டும், கண்ணு. நாங்க பாத்துக்கிறோம்."

"கம்ப்ளெயிண்ட் ஒண்ணும் இல்லையே, அக்கா?"

"இன்னா கம்ப்ளெயிண்டு? போ, போய் டீ குடி."

லோகு சரிசெய்த பெட்டியைத் தோளில் மாட்டி மைக்கை வாயருகே பிடித்தார். வியாபாரிகள் நெருங்கி வந்தார்கள். ஆளுக்கு ஆள் கையைத் தூக்கிக் கேட்க, ஏலம் சூடு பிடித்தது. அலைச் சத்தம், காற்று, ஐஸ் உடைக்கிற சத்தம், அத்தனைக்கும் நடுவில் லோகுவின் வார்த்தை ஒவ்வொன்றும் கழுவி எடுத்தது மாதிரி கடைசிப் படகுவரை போனது. மாளவிகா டீக் கிளாஸோடு கடை ஓரத்திலேயே நின்றாள். தான் செய்த பெட்டியை அளக்காமல் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அப்போது போன் அடித்தது. ஜோனத்தான்.

"மாளவிகா, வெள்ளிக்கிழமை ஆச்சு. தரம் எப்படி? என்ன சொல்றாங்க அங்கே?"

"ரெண்டு கம்ப்ளெயிண்ட் இருந்தது, சார். ரெண்டும் தீர்ந்தாச்சு. நாய்ஸ் இல்ல, சார். நாய்தான். நேர்ல வந்து சொல்றேன்."

"என்னவோ சொல்ற. பின்னாடி யாரோ மத்தி மத்திங்கறாரே, அவர் உன் பக்கத்துலயா நிக்கறாரு?"

"இல்ல, சார். அவர் தண்ணிகிட்ட நிக்கறாரு. நான் டீக்கடைகிட்ட இருக்கேன்."

"அவ்வளவு தூரத்துலேர்ந்தா? கடல் சத்தத்துக்கு நடுவுலயா?"

"ஆமா, சார். என் பெட்டி வழியா."

ஜோனத்தான் அந்தப் பக்கம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். பெட்டியிலிருந்து லோகுவின் குரல் வந்தது:

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"சரிம்மா" என்றார் ஜோனத்தான். "உன் பெட்டியே போகட்டும். ஸ்டிக்கர் பெட்டிக்காரனுக்கு நான் சொல்லிக்கறேன்."

மாளவிகா டீக் கிளாஸோடு கையைத் தலைக்குமேல் தூக்கினாள். நல்ல உயரத்துக்குத் தூக்கினாள்.

"மூணு தரம். மேடத்துக்கே" என்றது பெட்டி.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் ஒரு கூடை மத்தியைத் தூக்கிவந்து அவள் காலடியில் இறக்கினார்கள். வால்கள் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

"மாளவிகா" என்றார் ஜோனத்தான் போனுக்குள்ளிருந்து, "நீ ஏதோ வாங்கிட்ட போலிருக்கே?"