முன்னால் போகிறவன்

ராமசெல்வி அந்த ஆளை முதன்முதலில் பார்த்தது மார்கழிக் காலையில், எண்ணூர் விரைவுச் சாலையில். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் ஒரு பக்கம் வரிசைகட்டி நின்றன. பனியும் புகையும் கலந்து பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. முன்னால் ஒருவன் சைக்கிளில் போனான். சாம்பல் நிறச் சட்டை, குனிந்த முதுகு.

அவளுக்கு இருபத்தேழு வயது. அப்பாவுக்குக் கொருக்குப்பேட்டையில் மளிகைக்கடை. ஒன்பது வருடமாகச் சாலைப் பந்தயங்களில் சைக்கிள் ஓட்டுகிறாள். ரயில்வேயில் வேலை கிடைத்ததே அதனால்தான். தேசிய அணி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை.

பந்தயத்தில் முன்னால் போகிறவர் காற்றை உடைப்பார். பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு அலுப்பு குறையும். பழக்கதோஷத்தில் அவள் அவன் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள். நாற்பத்திநாலு கிலோமீட்டர் வேகம். அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. எர்ணாவூர் மேம்பாலம் ஏறி இறங்கியபோது அவனைக் காணவில்லை.

மறுநாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். ஒருதடவை, பள்ளம் என்று இடது கையைக் கீழே காட்டினான். அவள் விலகினாள். அங்கே பள்ளமே இல்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் அதே இடத்தில் ரோடு உள்வாங்கி ஒரு ஆட்டோ தலைகுப்புறக் கிடந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாளுக்கு நாள் வேகம் கூடிக்கொண்டிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

தை மாதம் மீஞ்சூர் பக்கம் தேசிய அணிக்கான தேர்வுப் பந்தயம். நல்ல வெயில். கடைசி மூன்று கிலோமீட்டரில் அவளும் பிலோமியும் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து முன்னேறினார்கள். பிலோமி ராயபுரத்துக்காரி, பத்து வருடச் சிநேகிதி. அப்போது அந்தப் பட்டப்பகலில் முன்னால் சாம்பல் சட்டை. திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி விரித்தான். நில்.

ராமசெல்வி பிரேக்கைப் பிடித்துவிட்டாள். பிலோமி தாண்டிப் போய் ஜெயித்தாள். அந்த இடத்தில் அன்றும் ஒன்றும் நடக்கவில்லை, பிறகும் நடக்கவில்லை.

சாயங்காலம் பிலோமி வீட்டுக்கு வந்தாள். "இன்னாமே இப்டிப் பண்ணிட்ட? நல்லாத்தானே வந்துகினு இருந்த?"

ராமசெல்வி எல்லாவற்றையும் சொன்னாள். பிலோமி சிரிக்கவில்லை.

"சாம்பல் கலர் சட்டையா?"

"நீயும் பாத்தியா?"

"இன்னிக்குத்தான் பாத்தேன். உனக்கு நில்லுன்னான். எனக்கு வா வான்னு கை காட்னான்மே."

அதற்குப் பிறகு அவன் ராமசெல்வியின் கண்ணில் படவில்லை. பிலோமி தேர்வாகியிருந்த தேசிய அணிப் பயிற்சி முகாமுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிலோமி காலையில் கிளம்பினால் மதியம் தாண்டித்தான் திரும்பினாள். கன்னம் ஒட்டிப்போனது. "சோறுகூட சரியா துன்றதில்ல" என்றான் அவள் அண்ணன் எபினேசர்.

"போதும், நிறுத்துமே" என்று ராமசெல்வி கெஞ்சினாள்.

"எப்டி நிறுத்துறது? அவன் நிக்க மாட்டேன்றானே."

ஒரு காலை ராமசெல்வி பின்தொடர்ந்தாள். திருவொற்றியூர் தாண்டி பிலோமி பறந்துகொண்டிருந்தாள். தலை கவிழ்ந்திருந்தது, கண், முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் குத்திட்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. தூரத்தில் கன்டெய்னர் யார்டு வாசலிலிருந்து ஒரு டிரெய்லர் சாலைக்குக் குறுக்கே திரும்பியது. பிலோமி நிமிரவில்லை.

ராமசெல்வி இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவளைத் தாண்டி, முன்னாலிருந்த அந்த இடத்துக்குள் புகுந்தாள். காதில் காற்று நின்றது. லாரிச் சத்தமும் நின்றது. முழங்காலில் ஜில்லென்று குளிர் ஏறியது. மிக அருகில், யாரோ நிதானமாக மூச்சு விடுவது கேட்டது. அவள் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்தாள்.

"தள்ளு! வழிய வுடுமே!" பிலோமி அலறினாள். சக்கரங்கள் உரசின. இருவரும் ஓரத்து மணலில் விழுந்தார்கள். டிரெய்லர் சாலையை அடைத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனது.

பிலோமிக்குக் காறை எலும்பு முறிந்தது. முகாம் போயிற்று. மூன்று மாதம் அவள் ராமசெல்வியின் போனை எடுக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே சைக்கிளோடு வந்து கடை வாசலில் நின்றாள்.

இப்போது இருவரும் பக்கம் பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். இப்படி ஓட்டினால் ஜென்மத்துக்கும் ஜெயிக்க மாட்டீர்கள் என்று கோச் திட்டுகிறார்.

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தியா கீதுமே" என்பாள் பிலோமி.

"இருக்கட்டும்" என்பாள் ராமசெல்வி.