காலமான அக்காவின் நாய்

லிப்ட் சோதிப்பது அக்காவின் வேலை. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் கதவை இழுத்துப் பார்ப்பாள், கம்பியைத் தட்டிப் பார்ப்பாள், "இது ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்பாள். பதில் வரும்வரை நகரமாட்டாள். இதனால் ஊரில் லிப்ட்கள் பத்திரமாக இருந்தன; சொந்தக்காரர்கள் எட்டவே இருந்தார்கள்.

புதுவகை லிப்ட்களைச் சோதிக்க வெளியூரில் பயிற்சி. அவள் வெகுநாளாகக் காத்திருந்த வாய்ப்பு. போவதா இல்லையா என்று சாயங்காலத்துக்குள் மேலாளருக்குச் சொல்லியாக வேண்டும். குறுக்கே நின்றது ஆபீசர்.

ஆபீசர் என்பது நாய். அக்கா ஊட்டினால்தான் சாப்பிடும். வேறு யார் வைத்தாலும் தட்டை முகர்ந்துவிட்டு, கவர் கனமில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போன வருஷம் அவள் வெளியூர் போனபோது தம்பி வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. திரும்பி வந்து பார்த்தால் நாய் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

"எப்படிடா சாப்பிட வச்சே?"

"அன்புக்கா" என்றான் தம்பி.

அந்த அன்புக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது, லீவு கிடையாது. ஆகவே நாய்க் காப்பகம் தேடி இருவரும் கிளம்பினார்கள், நாயோடு.

முதல் இடத்தில் நாய்களுக்கு ஏசி, டிவி எல்லாம் இருந்தது. அக்கா இழுத்துப் பார்த்ததில் கூண்டின் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. "டிவி நல்லா ஓடுது" என்று சொல்லி, தாழ்ப்பாளை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். இரண்டாவது இடத்தில் தாழ்ப்பாள் கெட்டி, ஆனால் ஆபீசர் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது இடத்துக்குத் தெருமுனையிலேயே தம்பி முட்டுக்கட்டை போட்டான்.

"அங்க வேணாங்க்கா. ஒரே ஈரம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சொன்னாங்க. அதோட, நாய் ஜாஸ்தி."

"நாய்க் காப்பகத்துல நாய் ஜாஸ்தியா இல்லாம? வாடா."

அவள் இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஆபீசர் அவளை இழுத்துக்கொண்டு போனது. மூக்கால் கேட்டைத் தள்ளியது. வரிசையாக இருந்த அறைகளைத் தாண்டியது. கடைசியில் ஜன்னலோரத்து அறைக்குள் புகுந்து, சொந்த வீடுபோலக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"இது ஏன் இப்படி?" என்றாள் அக்கா. தம்பி சுவரிலிருந்த ஒரு காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். அது போன வருஷத்துக் காலண்டர்.

காப்பகத்து அம்மாள் தண்ணீர்க் குழாயும் கையுமாக வந்தார்.

"அடடே, நம்ம ஆபீசரு! வாங்க தம்பி. மனசு தேறிடுச்சா இப்ப? அக்கா போயி வருஷமாகுதுல்ல?"

தம்பி காலண்டரோடு காலண்டராக ஒட்டிக்கொண்டான்.

"எந்த அக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"இவரோட கூடப்பொறந்த அக்காம்மா. செத்துப்போயிட்டாங்க. அப்ப இங்க எடமே இல்ல. முடியாதுன்னுட்டேன். புள்ள அந்த வாசல்ல நின்னு அழுதுச்சு பாருங்க, எனக்கே தாங்கல. என் ரூமக் காலி பண்ணிக் குடுத்தேன். நீங்க யாரு?"

"பெரியம்மா பொண்ணு" என்றான் தம்பி, காலண்டரைப் பார்த்தபடியே. "இவங்களையும் அக்கான்னுதான் கூப்பிடுவேன்."

தம்பியை அங்கேயே உரித்துத் தொங்கவிட அக்கா வாய் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நாய்முன் வைத்துவிட்டு, அதைக் கவனிக்காமல் தரையைக் கழுவப் போய்விட்டார். ஆபீசர் எழுந்தது. முகர்ந்தது. பிறகு சளக் சளக்கென்று சாப்பிட ஆரம்பித்தது.

அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவள் பயிற்சி அந்தக் கிண்ணத்துக்குள் இருந்தது.

"செத்தவங்களக் குத்தம் சொல்லக் கூடாது" என்றார் அம்மாள், கழுவியபடியே. "ஆனா நாயக் கெடுத்து வச்சிருந்தாங்க அந்தப் புண்ணியவதி. ஊட்டி ஊட்டி."

"அப்படியா" என்றாள் புண்ணியவதி. பொறுத்துக்கொண்டாள். ஆனால் பிறவிக் குணம் விடவில்லை. "எப்படிச் செத்தாங்களாம்?"

தம்பி அவசரமாகத் தலையை ஆட்டினான். பயனில்லை.

"லிப்ட் அறுந்து விழுந்துடுச்சாம், பாவம்."

அக்காவுக்குக் காது சிவந்தது. லிப்ட் அப்படியெல்லாம் அறுந்து விழாது. ஒரு கம்பி போனால் தாங்குவதற்கு மற்ற கம்பிகள் இருக்கின்றன. எல்லாம் போனாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். தன்னைக் கொன்றதைக்கூட மன்னிக்கலாம், ஆனால் இது தொழில் விஷயம். "லிப்ட்டுன்னா..." என்று தொடங்கினாள்.

ஆபீசர் சாப்பிடுவதை நிறுத்தி, தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள்.

"லிப்ட்டுன்னா என்ன பண்றது" என்றாள். "சோதிக்க வந்தவ சரியாப் பாத்திருக்க மாட்டா."

ஆபீசர் மறுபடி கிண்ணத்துக்குள் தலையை விட்டது. அக்கா அந்த அறையின் தாழ்ப்பாளை ஒருதரம் பலமாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. போனை எடுத்து, பயிற்சிக்கு வருவதாக மேலாளருக்குச் சொன்னாள்.

தெருவில் இறங்கியதும் தம்பி மெல்லக் கேட்டான்: "திரும்பக் கூட்டிட்டுப் போக நானே வந்துடவாக்கா?"

"நீதான் வரணும். செத்தவ எப்படி வர்றது?" என்றாள் அக்கா. கொஞ்சதூரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

"எத்தனாவது மாடிலேர்ந்துடா விழுந்தேன்?"