நாற்பத்திரண்டு கடிதங்களும் இராமபாணப் பூச்சிகளும்

திருப்பதியில் ரயில் பாதையை ஒட்டியிருக்கும் அந்தக் கல்லூரி நூலகத்தின் இராமபாணப் பூச்சிகள் பொய்யை மட்டுமே தின்னும். இது முதலில் தெரியவந்தது பத்து வருடங்களுக்கு முன்பு, பொன்விழா மலரில். தாளாளரின் வாழ்த்துரையில் தலைப்பு இருந்தது, அடியில் கையெழுத்து இருந்தது, நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை. ஆய்வுக் குழுவுக்காகத் தயாரித்த அறிக்கையில் பக்க எண்கள் மிஞ்சின. அதே அலமாரியில் இருந்த லாகரிதம் அட்டவணையில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மருந்து அடிக்கலாமா என்று கமிட்டி கூடிப் பேசியது. கூட்டக் குறிப்பையும் பூச்சிகள் தின்றுவிட்டதால் என்ன முடிவெடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பூச்சிகள் தங்கிவிட்டன.

லோயிஸ் வேலைக்குச் சேர்ந்தபோது சாவிக்கொத்தோடு சேர்த்து இந்த விவரத்தையும் ஒப்படைத்தார்கள். சித்தூர் மிஷன் காம்பவுண்டிலிருந்து பாகாலா வழியாக தினமும் ரயிலில் வந்துபோகிறவள். ஆவணக் காப்பாளர், கண்காட்சி அமைப்பாளர் என்று இரண்டு வேலைக்கும் ஒரே உத்தரவு, அதுவும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. அவள் பூச்சிகளையும் வேலைக்கு வைத்துக்கொண்டாள். நன்கொடையாக வரும் எந்தக் காகிதமும் முதலில் மூன்று நாள் பின்னறையில் இருக்கும். மிஞ்சியதைத்தான் ஸ்கேன் செய்வாள், எண் போடுவாள், பட்டியலில் ஏற்றுவாள். மற்ற கல்லூரிகள் இதைக் கேட்டுப் பொறாமைப்பட்டன. பரம்பரைப் பெருமை எழுதிக்கொண்டு வந்த இரண்டு குடும்பங்கள் வெறும் அட்டையோடு திரும்பிப் போனதும் உண்டு.

வைரவிழாக் கண்காட்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் குப்பம் பக்கத்துக் குடுபல்லியிலிருந்து சுந்தராம்பாள் வந்தாள். கையில் குக்கர் அட்டைப்பெட்டி, அதற்குள் நாற்பத்திரண்டு கடிதங்கள். அவள் கணவர் ஆதிகேசவன் இந்தக் கல்லூரி வேதியியல் கூடத்தில் ஆறு வருடம் உதவியாளராக இருந்தவர். அவர் இங்கே வாடகை அறையில், அவள் ஊரில் மாடுகளோடும் மாமியாரோடும். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. “பத்திரமா பாத்துக்கோ பாப்பா. அவரு பேசறாப்பல எங்கிட்ட கீறது இது ஒண்ணுதான்” என்றாள். லோயிஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு, பழக்க தோஷத்தில், கடிதங்களைப் பிரித்துப் பின்னறை மேஜையில் பரப்பிவிட்டு, சர்ச் ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் லீவில் சித்தூருக்குப் போனாள். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதைச் சோதனைக்கு வைக்கக் கூடாது என்று எந்த நூலக விதியிலும் இல்லை.

திரும்பி வந்தபோது நாற்பத்திரண்டும் சல்லடையாக இருந்தன. ஸ்கேன் ஒன்றுகூடக் கிடையாது. முதல்வர் ஜெயபிரகாஷ் வந்து பார்த்தார். “ஏமம்மா லோயிஸ், ஓட்டையக் காட்டவா ஊரையே கூப்ட்டிருக்கோம்? நாலு வரி நீயே எழுதி ஒட்டு. இது சொதப்பிச்சுன்னா உன் ரினியூவல்ல நான் கையெழுத்துப் போட முடியாது.” லோயிஸ் ஒரே ஒரு கடிதத்தில் ஒட்டிப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் ஒட்டியதும் போயிற்று, பசையும் போயிற்று. அவளுக்கே வெட்கமாக இருந்தது. கடிதங்களை இரண்டிரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே வைத்து, கம்பியில் தொங்கவிட்டு, பின்னால் விளக்குப் போட்டாள். கீழே அட்டையில், ‘சேதத்துக்குக் காரணம் காப்பாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிப் பெயரும் போட்டாள். பூச்சி ஒன்று ஏறி, அட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிற்று.

திறப்பு நாளில் சுந்தராம்பாள் முதல் ஆளாக வந்தாள். “அம்மா, பொய்யத் திங்கற பூச்சிங்க இருக்கற எடத்துல வெச்சுட்டேன், எம்மேலதாம்மா தப்பு” என்று ஆரம்பித்த லோயிஸைக் கையமர்த்திவிட்டு, முதல் ஓட்டையில் விரலை வைத்தாள். “இங்க ‘வேளாவேளைக்குத் துன்றேன்’னு எழுதிக்கினு இருந்தாரு. ஊருக்கு வந்தா பெல்ட்டுல புதுசா ஒரு தொள போட்டிருக்கும்.” அடுத்த ஓட்டை: “இது ‘காச்சல் உட்டுப் போச்சி’.” அடுத்தது: “‘வர்ற ஞாயித்துக்கெழம வந்துர்றேன்.’ இது எல்லாத்துலயும் இருந்துச்சி.” ஓட்டை ஓட்டையாக அவள் படித்துக்கொண்டே போக, பின்னால் கூட்டம் சேர்ந்தது. “பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. உங்க பூச்சிக்கு இப்பத்தான் தெரியிது” என்றாள்.

பதினேழாவது கடிதத்தில் நின்றாள். “இங்க, ‘உன் கைக் கொழம்புக்கு ஈடா இந்தத் திருப்பதியிலயே ஒண்ணு இல்ல’...” விரலை வெடுக்கென்று எடுத்தாள். “இதையுமா துன்னுச்சி? முப்பத்தெட்டு வருசம் தட்ட வழிச்சி வழிச்சித் துன்னாரே, அடப்பாவி மனுசா!” ஜெயபிரகாஷ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

முப்பத்தொன்றாவதில் ஒரு வரி முழுசாக இருந்தது. ‘நீ இல்லாமல் இந்த அறை ரொம்பப் பெரியதாக இருக்கிறது.’ அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். “அந்த ரூம நான் பாத்துக்கீறேன். கால நீட்டினா செவுரு இடிக்கும். கொடைய விரிக்க முடியாது. இத எப்பிடி உட்டுது?” சுந்தராம்பாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

கிளம்பும்போது, “நான் எழுதின பதிலும் அவரு பொட்டியில கீது. கொண்டாரேன், அதையும் போடு” என்றாள்.

“வேணாம்மா, ஒண்ணும் மிஞ்சாது.”

“போவட்டும். பாத்துரலாம்.”

அடுத்த வாரமே கொண்டுவந்தாள். ஜெயபிரகாஷ் ரினியூவலில் கையெழுத்துப் போட்டது அன்றுதான். மூன்று நாள் கழித்து அவள் மறுபடி வந்து பார்த்தபோது, மாமியார் தங்கமாக வைத்திருப்பதும், குழந்தை அழாமல் தூங்குவதும், தனக்கு ஒரு குறையும் இல்லாததும் தடயமில்லாமல் போயிருந்தன. பசு கன்று போட்ட செய்தி ஒன்று தப்பியிருந்தது. அதுபோக, அவளுடைய நாற்பத்திரண்டு பதில்களின் உச்சியிலும் ‘அன்புள்ள மாமாவுக்கு’ என்பது ஒரு புள்ளி குறையாமல் இருந்தது. சுந்தராம்பாள் இரண்டு பேருடைய ஓட்டைகளையும் மாறி மாறிப் பார்த்து, “அவரவிட நான்தான் ஜாஸ்தி” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுக் குப்பம் ரயிலைப் பிடிக்கப் போனாள். லோயிஸ் அவருடையதையும் அவளுடையதையும் எதிரெதிரே தொங்கவிட்டாள். அந்த மாதம் பூச்சிகள் கொஞ்சம் பருத்துக் காணப்பட்டன. அதையும் அவள் பதிவேட்டில் குறித்துவைத்தாள்.